திரைக்குப் பின்னே

சிதம்பரத்தில் ஒரு திரை தொங்குகிறது. விலக்கினால் உருவம் இல்லை; வெட்டவெளியும் பொன் வில்வமாலையுமே உண்டு. அதற்குப் பெயர் இரகசியம்! அந்த வெளியைக் காண ஊர் திரண்டு நிற்கிறது. அதே ஊரில், கடலூரில், நம் எல்லோருடைய இல்லங்களிலும் இன்னொரு திரை தொங்குகிறது. அதன் பின்னே இருப்பது வெளியன்று, வலி. அதைக் காணத்தான் எவரும் வருவதில்லை.

மாதவிடாய் நின்ற பெண்ணின் வலியைச் சொல்கிறேன். முகம் சுளிக்காதீர், தோழர்களே! அந்தச் சுளிப்புத்தான் திரை.

நம் நாட்டுப் பெண்களுக்கு ஏறத்தாழ 46, 47 வயதில் மாதவிடாய் நிற்கிறது. சினைப்பை தந்துவந்த ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு குறைகிறது. யோனியின் உட்சவ்வு மெலிகிறது, ஈரப்பசை வற்றுகிறது, நெகிழ்வு குன்றுகிறது. நோய்க்கிருமிகளை அண்டவிடாது காத்த அமிலத்தன்மையும் குறைகிறது. விளைவு? எரிச்சல், அரிப்பு, அடிக்கடி சிறுநீர்க் கடுப்பு, கூடலின்போது வலி. திடீரென உடலில் பரவும் வெப்பம் சில ஆண்டுகளில் தணியும்; இந்த வறட்சியோ கவனிக்காவிடில் பெரும்பாலும் வளரும். ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இத்தொல்லை உண்டு. மருத்துவரிடம் வாய் திறப்பவரோ மிகச் சிலர்.

“இயற்கைதானே, பொறுத்துக்கொள்ளட்டுமே” என்பார் உளர். நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து வருகிறதே, அதுவும் இயற்கைதான். எழுத்துத் தெரியவில்லை என்று ஏட்டை மூடிவைத்தோமா? கண்ணாடி போட்டுக்கொண்டோம்! கண்ணுக்கு ஒரு நீதி, கருப்பைக்குக் கீழே வேறொரு நீதியா? இயற்கையாக வந்தது என்பதாலேயே ஒரு துன்பம் தாங்கத் தக்கதாகிவிடாது. தீர்க்கக்கூடிய துன்பத்தைத் தாங்கச் சொல்வது அறமுமாகாது.

“பேரன் பேத்தி எடுத்தவளுக்கு இதெல்லாம் எதற்கு?” என்றும் கேட்பர். அதே கேள்வியைத் தாத்தாவிடம் கேட்டவர் உண்டா? அறுபதில் மறுமணம் செய்துகொண்ட ஆடவரை நாடு கண்டிருக்கிறது. ஐம்பதில் வலிக்கிறது என்று சொன்ன மனைவியைத்தான் அது நாணமற்றவள் என்றது. பெண்ணுடல் பிள்ளை பெறும் நிலம், விளைச்சல் நின்றால் தரிசு என்ற பழைய எண்ணமே இதன் வேர். வள்ளுவர் மூன்று பாலில் ஒன்றை, 250 குறள்களை, இன்பத்துக்கென்றே ஒதுக்கினார். அதில் மகப்பேற்றை ஒரு நிபந்தனையாக வைக்கவில்லை.

1929-ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்குச் சொத்துரிமையும் மணவிலக்கு உரிமையும் வேண்டுமென முழங்கியது. அதே ஆண்டு அமெரிக்காவில் டாய்சியும், ஜெர்மனியில் பூட்டனாண்டும் ஈஸ்ட்ரோஜன் வகையொன்றைத் தனியே பிரித்தெடுத்தனர். அதே ஆண்டு சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பிறந்தது. உரிமைக் குரல், மருத்துவ அறிவு, கல்விக்கூடம் மூன்றும் ஒரே ஆண்டில் வந்தன. கடலூர் முதுநகரில் மீன்கூடை சுமக்கும் ஒரு தாய்க்கு, அம்மூன்றின் பயனும் சேர்ந்து இன்னும் போய்ச் சேரவில்லையே!

தீர்வு அரிதன்று. சோப்பிட்டு உட்புறம் கழுவுவதை நிறுத்துவது முதற்படி. ஈரம் காக்கும் பசை உண்டு. கூடலின்போது பூசும் வழுக்குப்பசை உண்டு. போதாவிடில் மருத்துவர் எழுதித்தரும், குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கலந்த களிம்பு உண்டு. மார்பகப் புற்றுநோய் கண்டவர் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லவேண்டும். மாதவிடாய் நின்றபின் மீண்டும் இரத்தம் கண்டாலோ, தள்ளிப்போடாது உடனே காட்டவேண்டும். அது புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம்.

இங்கே நாம் நம்மையே ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும். இந்த மருந்து யாருக்காக? கணவனுக்குக் குறை வராதிருக்கவா? அப்படியானால் பழைய அடிமைத்தனத்துக்குப் புதிய களிம்பு பூசியவராவோம்! வலியில்லாமல் கூடலாம் என்பது அவள் உரிமை; வேண்டாம் என்பதும் அவள் உரிமை. மருந்து வலியைத்தான் போக்கவேண்டும், அவள் மறுப்பைப் போக்கலாகாது. கைம்பெண்ணுக்கும், மணமே வேண்டாமென்று வாழ்ந்தவளுக்கும் அதே மருத்துவம் வேண்டும். ஏனெனில் எரிச்சலின்றி நடப்பதும், கடுப்பின்றிச் சிறுநீர் கழிப்பதும், அச்சமின்றி உறங்குவதும் எவருக்கும் மனைவி என்ற முறையில் அவள் பெற்ற சலுகையல்ல; மனிதப் பிறவி என்ற முறையில் அவளுக்கு உரியவை.

இளைஞனே, “அம்மாவிடம் இதை எப்படிப் பேசுவது?” என்று தயங்குகிறாய். நீ துருவிக் கேட்க வேண்டா. “மருத்துவமனைக்கு வருகிறாயா அம்மா? நான் வெளியே இருக்கிறேன், நீ உள்ளே போய்ச் சொல்” என்றால் போதும். கடலூரில் அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. அண்ணாமலை நகரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தங்கையே, நீ உள்ளேயும் உடன் செல்லலாம். உன் படிப்பகத்தில் பெண் மருத்துவர் ஒருவரை அழைத்துப் பேசவைக்கலாம்.

கோயில் திரையை விலக்கி, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கத் துணிந்தவர்கள் நாம். வீட்டுத் திரையை விலக்க மட்டும் ஏன் கை நடுங்கவேண்டும்?