பெண்ணின் தோற்றம் யாருக்குச் சொந்தம்?

பெண் எவ்வாறு உடுக்க வேண்டும் என்று தீர்ப்புக் கூற முன்வராத மனிதர் உலகில் அரியர். தந்தை கூறுவார், தமையன் கூறுவான், பள்ளி ஆசிரியர் கூறுவார், வழியிற் போகிறவருங் கூறுவார். அபிப்பிராயம் கேட்கப்படாதவள் ஒருத்தியே. அவள்தான் அவ்வுடையை உடுக்கிறவள். அடக்கம், ஒழுக்கம், நாகரிகம் என்னும் பெரிய சொற்களெல்லாம் இத்தீர்ப்புகளுக்குத் துணையாக அழைக்கப்படுகின்றன. இச்சொற்கள் உண்மையில் உடையைப் பற்றியவைதாமா, அன்றி வேறொன்றை மறைக்கும் போர்வையா என்பதே நாம் இங்கு ஆராய விரும்பும் கேள்வி. ஜப்பான் தேசத்துப் பெண்களின் சரித்திரம் இதற்குத் தெளிவான விடை தருகிறது.

மெய்ஜி ஆட்சியின் தொடக்கத்தில், 1871-இல், ஆண்கள் குடுமியைக் களைந்துவிடலாம் என்று அரசாங்கம் ஆணையிட்டது. அதை நாகரிகத்தின் வருகை என்று கொண்டாடினார்கள். அது கண்டு சில பெண்களும் கூந்தலைக் கத்தரித்துக்கொண்டனர். உடனே, 1872-இல் தோக்கியோவில் பிறந்த சட்டம் பெண் கூந்தலைக் கத்தரிப்பதைக் குற்றமாக்கியது. மறு ஆண்டு சக்கரவர்த்தியே தம் குடுமியை எடுத்துவிட்டார். கத்தரிக்கோல் ஒன்றுதான், ஆணின் தலையில் அது முன்னேற்றம், பெண்ணின் தலையில் குற்றம்! 1920-களில் தோக்கியோவின் கின்சா வீதியில் குட்டைக் கூந்தலோடு உலாவிய ‘மோகா’ என்னும் புதுமைப் பெண்களும் இத்தகைய ஏச்சுக்கே ஆளானார்கள்.

நிற்க. அந்த 1920-களிலேயே ஜப்பானியப் பெண் பள்ளிகளில், கடற்படை மாலுமியின் சட்டையை ஒத்த சீருடை பரவலாயிற்று. பின்னர்ப் பாவாடை இவ்வளவு நீளந்தான் இருக்கலாம் என்று பள்ளி விதிகள் வரையறுத்தன. 1970-களில் ‘சுகேபான்’ எனப்பட்ட முரட்டு மாணவியர் அப்பாவாடையைக் கணுக்கால் வரை நீட்டிக்கொண்டார்கள். உடல் மறைந்ததே என்று யாரேனும் அவர்களைப் புகழ்ந்தார்களா? இல்லை, நீண்ட பாவாடை போக்கிரித்தனத்தின் அடையாளம் என்றார்கள். 1990-களில் ‘கோகியாரு’ எனப்பட்ட மாணவியர் பாவாடையை இடுப்பில் சுருட்டித் தொடையளவாகக் குறுக்கினார்கள்; மடிந்து தொங்கும் வெள்ளைக் காலுறை அணிந்தார்கள்; கூந்தலைப் பழுப்பாக்கினார்கள். அதுவும் ஒழுக்கக்கேடு என்றே தூற்றப்பட்டது.

நீட்டினாலும் குற்றம், குறுக்கினாலும் குற்றம் என்றால், குற்றம் துணியின் அளவில் இல்லை என்பது வெள்ளிடைமலை. அளவை நிச்சயித்தவள் அவளே என்பதுதான் பொறுக்க முடியாத குற்றமாயிற்று!

இக்கலகம் உடையோடு நிற்கவில்லை. ‘கியாரு’ என்பது, இளம் பெண்ணைக் குறிக்கும் ஓர் ஆங்கிலச் சொல் ஜப்பானியர் நாவில் பெற்ற வடிவம். தோக்கியோவின் ஷிபுயா வட்டாரமே அப்பெண்களின் கோட்டை. வெண்மை ஏழு குறைகளை மறைக்கும் என்பது அந்நாட்டு முதுமொழி. அம்மொழியைக் கேட்டு வளர்ந்த பெண்கள், 1990-களின் நடுவில், ஓகினாவாவில் பிறந்த பாடகி அமுரோ நாமியேயின் மாநிற மேனியைக் கண்டு, தாமும் அவ்வாறாக விரும்பினர். அவ்வாண்டுகளின் இறுதியில் எழுந்த ‘கங்குரோ’ப் பெண்கள் விளக்கொளியில் மேனியைக் கறுக்க வைத்துக்கொண்டு, கண்ணைச் சுற்றியும் உதட்டிலும் வெள்ளை பூசி, கூந்தலை வெளிறச் செய்து, கனத்த அடிகொண்ட காலணியோடு வீதியில் நடந்தார்கள். பழங்கதையில் வரும் மலைப்பேய்க் கிழவியின் பெயரால் அவர்களுள் ஒரு சாராரை ‘யமன்பா’ என்றழைத்தார்கள். அப்பெயர் கேட்டு அவர்கள் ஓடி ஒளிந்துகொள்ளவில்லை. ஆணின் கண்ணுக்கு அழகாயிருப்பதே பெண்ணின் கடமை என்ற சமூகத்தின் நடுவில், “உமது கண் எமக்கு அளவுகோலன்று” என்று முகத்தாலேயே விடை கூறினார்கள். வெண்மையே அழகு என்னும் நோய் அந்நாட்டுக்கு மட்டும் உரியதன்று என்பதை வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

“அப்பெண்களுள் சிலர் பணத்திற்காக வயது வந்த ஆண்களோடு சுற்றவில்லையா?” என்று கேட்பார் உளர். அக்காலத்தில் அவ்வழக்கம் பெருஞ்செய்தியாயிற்று. சிலருடைய செயல் எல்லாருடைய தலையிலும் ஏற்றப்பட்டது. பணம் கொடுத்தவன் யார் என்ற கேள்வி மட்டும் மெல்லவே எழுந்தது. 1999-இல் வந்த சட்டம், பதினெட்டு வயதிற்குட்பட்டவரைப் பணத்திற்குப் பெறுகிறவனைத் தண்டனைக்குரியவனாக்கியது. சிறுமியின் காலுறையில் ஒழுக்கத்தைத் தேடியவர்கள், அவ்வாடவனின் சட்டைப்பையில் முதலிலேயே தேடியிருக்கலாகாதா?

மற்றோர் ஆட்சேபம் இதனினும் வலிமையுடையது. 1979-இல் திறக்கப்பட்ட ‘ஷிபுயா 109’ என்னும் கடைமாளிகை இப்பெண்களின் கோயிலாயிற்று. 1995-இல் தோன்றிய ‘எக்’ என்னும் பத்திரிகை அவர்களின் படங்களை அச்சிட்டுப் பரப்பிற்று. பள்ளிச் சீருடையை மீறியவர்கள் கடைச் சீருடைக்குள் புகுந்தார்கள். ஆசிரியர் சொல்லைத் தள்ளிவிட்டு வியாபாரி சொல்லைத் தலைமேல் கொண்டார்கள் என்பது இவ்வாட்சேபம். இதில் உண்மையுண்டு; நாம் மறுக்கவில்லை. கலகக்காரரின் கூட்டத்திலும், “எம்மைப்போல் இராதவள் எம்மவள் அல்லள்” என்னும் அதிகாரம் முளைப்பதுண்டு. காசில்லாத பெண்ணுக்குக் கடையில் வாங்கும் சுதந்திரம் எங்ஙனம் கிட்டும்? ஆனால் எஜமானன் மாறினான் என்பது, முதல் எஜமானன் நியாயவான் என்பதற்குச் சாட்சியாகாது. வியாபாரியின் வலையைக் காட்டிப் பழைய விலங்கை நியாயப்படுத்துவோர் பெண்ணின் நலத்தை நாடுவோர் அல்லர்.

பழைய விலங்கு அற்றுப்போகவும் இல்லை. தம் கூந்தல் இயற்கையாகவே பழுப்பு என்று கூறிய மாணவி ஒருவர், அதனைக் கறுப்பாக்கும்படி பள்ளி வற்புறுத்தியதாக 2017-இல் ஓசாகாவில் வழக்குத் தொடுத்தார். அவர் வகுப்பில் இருக்கையும் பட்டியலில் பெயரும் நீக்கப்பட்டது குற்றமென்று 2021-இல் நீதிமன்றம் 3,30,000 யென் நஷ்டஈடு விதித்தது. எனினும் கூந்தல் நிற விதி செல்லுமென்றே கூறிற்று. ஒருபுறம் சாயம் பூசுவது குற்றம். மறுபுறம் சாயம் பூசாதிருப்பது குற்றம்! கூந்தல் யாவருக்கும் கறுப்பாகவே இருக்க வேண்டும் என்ற விதியைத் தோக்கியோ மாநகரப் பொது உயர்நிலைப் பள்ளிகள் கைவிட்டது 2022-ஆம் ஆண்டிலேதான்.

ஆகவே நாம் கொள்ளும் முடிவு இதுவே. குட்டைப் பாவாடை சுதந்திரமன்று. நீண்ட பாவாடை அடிமைத்தனமுமன்று. முகத்தைக் கறுப்பாக்குவதால் அறிவு வளர்ந்துவிடாது. வெளுப்பாக்குவதால் குணம் உயர்ந்துவிடாது. ஒழுக்கம் என்பது பிறர்க்குத் தீங்கு செய்யாமையிலும் சொன்ன சொல் தவறாமையிலும் இருக்கிறது. அதனை அளக்கும் முழக்கோல் எந்தத் தையற்காரரிடமும் இல்லை. பெண்ணைப் பார்த்து, “நீ ஏன் இப்படி உடுத்தாய்?” என்று கேட்கும் நாக்கு, முதலில் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளட்டும்: “நீ நினைத்தபடி உடுத்தாய் என்பதற்காகவா எனக்குக் கோபம் வருகிறது?” அக்கேள்விக்கு நேர்மையாக விடை கூறத் துணிந்த வீட்டில், பெண் தன் உடையைத் தானே தேர்ந்துகொள்வாள், அத்துடன் தன் படிப்பையும் தொழிலையும் துணையையும் தானே தேர்ந்துகொள்வாள்.