கற்படுக்கையும் ஐ.சி.யூ. கட்டிலும்

நோயைக் குணமாக்கும் முயற்சி எந்தக் கட்டத்தில் பயனற்றுப்போகிறது, அதை யார் கண்டுசொல்வது என்ற கேள்வி தீவிர சிகிச்சைப் பிரிவில் ஓயாமல் எழுவது. சமண அறநூல்கள் இதை, உண்ணாதிருந்து உயிர்துறக்கும் சல்லேகனை நோன்பை ஒட்டி நுணுக்கமாக ஆராய்ந்திருக்கின்றன.

புதுக்கோட்டை மாவட்டம் சித்தன்னவாசலில் ஏழடிப்பட்டம் என்னும் குகைத்தளத்தில் சமணத் துறவியருக்கு வெட்டிய வழவழப்பான கற்படுக்கைகள் உள்ளன. தலைப்பக்கம் தலையணைபோல் சற்று உயர்ந்திருக்கும். பழமையான படுக்கையில் உள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு ஏறத்தாழ கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதைச் செய்தளித்தவர் பெயரைக் கூறுகிறதே தவிர, அங்கே எவரும் நோன்பிருந்து இறந்ததாகக் கூறவில்லை. அதற்கான சான்று செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் உண்டு. சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாதிருந்து உயிர்துறந்ததை அங்குள்ள வட்டெழுத்துக் கல்வெட்டு பதிவுசெய்கிறது.

விலக்க முடியாத இடையூறு, பஞ்சம், மூப்பு, தீராத நோய் ஆகியவை வந்தபோது மட்டுமே இந்நோன்புக்கு இடமுண்டு என்கிறார் சமண ஆசிரியர் சமந்தபத்திரர். அதில் நேரும் குற்றங்கள் ஐந்து. வாழ வேண்டுமென ஏங்குவது ஒன்று. சீக்கிரம் செத்தால் போதும் என்று விரும்புவதும் ஒன்று. அச்சம், நட்பை நினைத்து உருகுதல், மறுமை இன்பத்தை நாடுதல் ஆகியவை மற்றவை. நோன்பிருப்பவரைத் தனியே விடவும் கூடாது. உடனிருந்து பணிவிடை செய்ய 48 துறவியர் வரை வேண்டும் என்று பகவதி ஆராதனை என்னும் சமண நூல் விதிக்கிறது; எத்தனை குறைந்தாலும் இருவராவது இருக்க வேண்டும்.

இதே நடுநிலை இன்றைய மருத்துவத்திலும் உண்டு. சாவை விரைவுபடுத்துவதுமில்லை, தள்ளிப்போடுவதுமில்லை என்பதே நோய்த்தணிப்புச் சிகிச்சைக்கு உலக சுகாதார நிறுவனம் தந்த இலக்கணம். ஒப்புமை இவ்வளவோடு நிற்க வேண்டும். சல்லேகனை, நினைவு தெளிந்தவர் தாமே ஏற்கும் நோன்பு. வென்டிலேட்டரில் மயக்கமருந்தோடு கிடப்பவர் எதையும் ஏற்கவோ மறுக்கவோ இயலாதவர். நோய்த்தணிப்பில் உண்ணாநோன்பும் இல்லை. வலியும் மூச்சுத்திணறலும் அதில் ஆற்ற வேண்டிய துன்பங்கள்.

நாளெல்லாம் கட்டிலருகே இருப்பவர் செவிலியர் என்பதால் அவர் கண்ணுக்கே பல அறிகுறிகள் முதலில் படும். பேச முடியாதவரின் வலியைச் சுருங்கும் புருவம், விறைக்கும் கை, வென்டிலேட்டரோடு போராடும் மூச்சு ஆகியவை காட்டிக்கொடுக்கும். ஒன்றன்பின் ஒன்றாக உறுப்புகள் செயலிழப்பது, முற்றிய புற்றுநோய், நாள்கணக்கில் வென்டிலேட்டரை விட்டு இறங்க முடியாமை, “இன்னும் எதற்கு இந்த வேதனை?” என்று உறவினர் கேட்கத் தொடங்குவது ஆகியவை நோய்த்தணிப்பு தேவைப்படுவதைக் காட்டும் அறிகுறிகள். இவற்றைக் குறித்துவைத்து மருத்துவரிடம் சொல்வது செவிலியரின் அறக்கடமைகளில் ஒன்று. “டாக்டர் கையை விரித்துவிட்டார்” என்று குடும்பத்தார் எடுத்துக்கொள்வார்களே என்ற தயக்கம் இதற்குத் தடையாகிறது. அந்தத் தயக்கம் தேவையற்றது. நோய்த்தணிப்பைக் குணமாக்கும் சிகிச்சையோடு சேர்த்தே தரலாம்.

உயிர்காக்கும் கருவியை விலக்குவது வேறு விஷயம். 2018 மார்ச் 9-இல் உச்ச நீதிமன்றம் அதற்கு வழிமுறை வகுத்தது, 2023-இல் எளிதாக்கியது. இரண்டு மருத்துவக் குழுக்கள் பரிசீலித்த பிறகே அது நடக்கலாம். வலி தணிக்கும் மருந்துக்கும் ஆறுதலுக்கும் அப்படி எந்தக் குழுவின் அனுமதியும் வேண்டியதில்லை. வீடு திரும்பிய நோயாளிக்கு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் நோய்த்தணிப்புச் சேவை வீட்டிலேயே கிடைக்கிறது.