காரைக்கால் அம்மையார்: பேயுருவில் ஒரு பக்தி

63 நாயன்மார்களில் பெண்கள் மூவர். பாண்டிமாதேவி மங்கையர்க்கரசியார் திருஞானசம்பந்தரை மதுரைக்கு அழைத்தவர். இசைஞானியார் சுந்தரரைப் பெற்றவர். மூவரில் பாடல் இயற்றியவர் காரைக்கால் அம்மையார் ஒருவரே. அவர் காலம் ஏறத்தாழ 6ஆம் நூற்றாண்டு, தேவார மூவருக்கும் முந்தையது.

அவர் வரலாறாக இன்று வழங்குவது 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொன்னது. வணிகர் குலத்துப் புனிதவதி, கணவன் பரமதத்தன் அனுப்பிய இரு மாங்கனிகளில் ஒன்றைச் சிவனடியாருக்குப் படைத்தார். உணவின்போது கணவன் மற்றதையும் கேட்க, இறைவனை வேண்டி ஒரு கனி பெற்றார். மனைவியைத் தெய்வமென்று அஞ்சிய பரமதத்தன் பாண்டிநாடு போய் வேறு மணம் செய்துகொண்டான். பின்னர் அவர் காலிலும் விழுந்தான். கணவனுக்காகத் தாங்கிய அழகு இனி எதற்கு என்று தசையை உதறிப் பேயுரு வேண்டிப் பெற்றார் அம்மையார்.

அவருடைய பாடல்களிலோ கணவனும் இல்லை, மாங்கனியும் இல்லை. அற்புதத் திருவந்தாதி 101 வெண்பாக்கள், திருவிரட்டை மணிமாலை 20 பாடல்கள், திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டு. எல்லாம் பதினோராம் திருமுறையில் உள்ளன. பதிகங்களில் விரிவது சுடுகாடு: எரியும் பிணம், நரி, கள்ளிச்செடி, பேய்க்கூட்டம், நடுவே ஆடும் சிவன். தம்மையும் காரைக்கால் பேய் என்றே முத்திரை வைக்கிறார். ஆண்டாளைப் போல இறைவனை மணாளனாக வரித்து ஏங்குவது இவர் வழியன்று. இறைவன் இடர் தீர்க்காவிட்டாலும் அன்பு மாறாது என்பது அந்தாதியின் தொடக்கத்திலேயே வரும் நிலைப்பாடு. கைம்மாறு கேட்காத பக்தியை இவ்வளவு முன்னரே, இவ்வளவு திட்டமாகச் சொன்ன குரல் தமிழில் அரிது.

தலம் ஒன்றைப் பண்ணோடு பாடி, கடைசிப் பாட்டில் பாடியவர் பெயரும் பாடுவோர் பெறும் பயனும் சொல்லி முடிக்கும் பதிக அமைப்பு முதலில் காணப்படுவது இவரிடம்தான். சம்பந்தர் பதிகங்கள் அதே தடத்தில் செல்கின்றன. கயிலைக்கும் ஆலங்காட்டுக்கும் அம்மையார் தலையால் நடந்தார் என்பது மரபு. அந்த ஆலங்காட்டில் கால்வைக்கச் சம்பந்தர் தயங்கினார் என்கிறது பெரியபுராணம்.

கோயில் பிராகாரங்களில் நாயன்மார் வரிசை நிற்க, அம்மையார் மட்டும் அமர்ந்திருப்பார். காரைக்காலில் ஆனிப் பௌர்ணமியில் மாங்கனித் திருவிழா நடக்கிறது. ஊர் நினைவில் வைத்திருப்பது புராணத்தின் புனிதவதியைத்தான். சிற்பிகள் எடுத்துக்கொண்டது பாட்டின் பேயை. கங்கைகொண்ட சோழபுரத்திலும், கம்போடியாவின் 10ஆம் நூற்றாண்டுக் கோயிலான பன்தேய் ஸ்ரேயிலும் ஆடும் சிவனின் அருகே, வற்றிய மார்போடு அமர்ந்திருப்பது அந்த உருவமே.