ஈகையா, கடனா?

சுங்கை பெசார் வட்டாரத்துத் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் பெற்றோரில்லாப் பிள்ளைகளின் இல்லங்களுக்கென நிதி திரட்டப்படுங்கால் ஒரு வினா எழுகின்றது. கம்பெனியார் தரும் ஆயிரமும் தொழிலாளி தரும் ஐந்து வெள்ளியும் ஒரே தருமந்தானா?

1923ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேருள்ள தோட்டத்தில் நிர்வாகம் பள்ளி வைத்தே தீரவேண்டுமென்றது. பல தோட்டங்களில் எழுந்ததோ வெறுங் கொட்டகை, அதுவும் உபகாரமெனப்பட்டது! 1943இல் சயாம் ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தோட்டத் தமிழருள் பல்லாயிரவர் மீளவில்லை. அவர்தம் மக்களைத் தாங்க எச்சட்டம் வந்தது? 1949இல் சுவாமி சத்தியானந்தர் சுத்த சமாஜத்தை நிறுவினார். அவர் 1961இல் மறைந்தபின், அன்னை மங்களம் 2023இல் தாம் மறையுங்காறும் அங்குள்ள பிள்ளைகட்குத் தாயாய் விளங்கினார். ஊராரின் கொடையன்றி இத்தகைய இல்லங்கள் நிலைபெறா.

தோட்டக் கம்பெனியின் இலாபம் இப்பிள்ளைகளின் பாட்டன்மார் வியர்வையில் விளைந்தது. அதில் ஒரு கூறு திரும்பி வருதல் கடன் தீர்த்தலேயாம். தொழிலாளியோ எவர்க்கும் கடன்பட்டவனல்லன். அவன் தருவதே ஈகை. ஆயின் கம்பெனிப் பணத்தை மறுத்தல் வேண்டுமோ? வேண்டா. பசித்த பிள்ளை அரிசியின் குலங்கோத்திரம் வினவுவதில்லை. கடனைத் திருப்பித் தருவோர்க்கு மாலையும் மேடையும் எதற்கு என்பதே நம் கேள்வி. அரிசி மூட்டைகளின் முன்னே பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் படம் பிடிக்கின்றனரே, மறுநாள் பள்ளியில் அப்பிள்ளைகளை உடன்பயில்வோர் என்ன பெயரிட்டழைப்பரென எண்ணிப் பார்த்தனரா?