கல்வீடும் கடமையும்

செர்டாங் வட்டாரத் தோட்டங்களில் பலகை லயங்களில் வாழ்ந்த தலைமுறைக்குக் கல்வீடு வெறும் கட்டடம் அன்று, மானத்தின் அடையாளம். ஆயினும், அதைத் தாங்கும் சிமெண்டு காற்றின்மீது ஒரு கடனை ஏற்றுகிறது.

அதே கெடா மாநிலத்தின் லங்காவித் தீவில், தெலுக் எவாவில், சிமெண்டு ஆலை ஒன்று உண்டு. இத்தகைய ஆலைகளின் சூளையில் 1,000 கிலோ தூய சுண்ணாம்புக்கல் வெந்து சிதையுமாயின், 440 கிலோ கரியமில வாயு வெளிப்படும். எரிபொருளை மாற்றினாலும் இது குறையாது. கல்லுக்குள்ளேயே இருப்பது அது. மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 7 விழுக்காடு சிமெண்டுத் தொழிலைச் சார்ந்தது.

அதனால், வீடற்றவனை நோக்கிக் ‘கட்டாதே’ என்பது அறமாகுமா? ஆகாது. முன்னரே கட்டி முடித்த நாடுகள், இப்பொழுது கட்டத் தொடங்கும் நாடுகளைக் கடிவது நடுநிலை அன்று. எனினும், ஏழையின் பெயரைச் சொல்லி எல்லாக் கட்டடங்களுக்கும் நியாயம் தேடுவதும் நேர்மை அன்று. குடும்பம் வாழும் வீடும், ஆளின்றிப் பூட்டிக் கிடக்கும் மாளிகையும் ஒரே கல்லால் ஆனவை. ஒரே அறத்தால் ஆனவை அல்ல.

அனல்மின் நிலையச் சாம்பலையும் இரும்பாலைக் கசடையும் கலந்தால், சூளையில் சுட வேண்டிய கல்லின் அளவு குறையும். அந்த நுட்பத்தையும் அதற்கான செலவையும் வசதி படைத்தோர் பகிர்ந்துகொள்வதே வள்ளுவர் வகுத்த ஒப்புரவு. தேவைக்குக் கட்டுக, கட்டியதை நெடுங்காலம் காத்திடுக. வீடு இன்றைய பிள்ளையின் உரிமை. காற்று நாளைய பிள்ளையின் உடைமை.