காண்பதும் ஒரு கடமை

இயற்கையின் எழிலைக் கண்டு இன்புறுதல் இறைநம்பிக்கையாளனுக்கு உகந்த செயலா? அன்றி, வணக்கத்திற்குரிய நேரத்தை விழுங்கும் வீண் பொழுதுபோக்கா? நம் குடும்பங்களில் இவ்வினா அவ்வப்போது எழுந்துகொண்டேதான் இருக்கிறது. கொல்லைப்புறத்துப் பூச்செடியின் அருகே அரைமணி நேரம் நின்றுவிட்டவரைப் பார்த்து, "அந்நேரத்தில் இரண்டு பக்கம் ஓதியிருக்கலாமே" என்று சொல்லும் பெரியவர்கள் இருக்கின்றனர். வானத்தையும் வயலையும் வியந்து பார்ப்பதே தொழுகைக்கு ஈடாகும் என்று வாதிக்கும் இளைஞர்களும் இருக்கின்றனர். இவ்விரு சாராரும் ஒரே தவற்றை இரு முனைகளில் நின்று செய்கின்றனர் என்பது நம் கருத்து. ஒன்றைக் கொண்டால் மற்றொன்றைக் கைவிட்டுவிடலாம் என இருவருமே எண்ணிவிடுகின்றனர்.

இவ்வினாவை ஏட்டளவில் ஆராய்வதினும், தஞ்சைத் தரணியின் ஒரத்தநாட்டுப் பகுதியில் ஒரு வீட்டுக் கொல்லையில் வைத்து ஆராய்வது தெளிவு தரும். தஞ்சையிலிருந்து பட்டுக்கோட்டை செல்லும் சாலையில் அமைந்த ஊர் ஒரத்தநாடு. இன்று அங்கு காணும் பசுமை முழுவதும் தொன்றுதொட்டு இருந்ததன்று. காவிரியின் பழைய கிளையாறுகள் பாயும் கும்பகோணம், மாயவரம் பகுதிகளைப் போலன்றி, இப்பகுதி வானத்தையும் ஏரிகளையும் நம்பியிருந்த நிலம். 1934ஆம் ஆண்டில் மேட்டூர் அணை நிறைவெய்தியபோது, அத்திட்டத்தின் பகுதியாகக் கல்லணையிலிருந்து வெட்டப்பட்ட கல்லணைக் கால்வாய் இங்கு நீர் கொணர்ந்தது. மக்கள் அதனைப் 'புது ஆறு' என்றே வழங்குகின்றனர். எனவே இம்மண்ணின் பசுமையில் ஆண்டவன் பொழிந்த மழையும் உண்டு. மண்வெட்டி பிடித்து ஆறு வெட்டிய மனிதர்களின் வியர்வையும் உண்டு. நமது மார்க்கச் சட்டமும் இவ்விரண்டையும் வேறுபடுத்தி நோக்குவது சிந்திக்கத்தக்கது. மழைநீரால் விளைந்த தானியத்தில் பத்தில் ஒரு பங்கு ஜகாத். மனிதன் உழைத்து இறைத்துப் பாய்ச்சிய நீரால் விளைந்ததில் இருபதில் ஒரு பங்கு. உழைப்பை மதித்துப் பங்கைக் குறைத்தான் இறைவன். ஆயினும், உழைத்தாய் ஆதலால் எல்லாம் உனதே என்று விட்டுவிடவில்லை.

இனி, கொல்லைக்குள் நுழைவோம். பங்குனி சித்திரையில் வேம்பு பூத்து முற்றமெங்கும் உதிர்கிறது. கோடை முற்ற முற்ற மல்லிகை மிகுகிறது. ஏனைய செடிகள் வாடும் வேளையில், ஒளு செய்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் ஓடிச் சேரும் இடத்தில் வாழை மட்டும் தலைநிமிர்ந்து நிற்கிறது. ஆண்டு நன்றாக இருந்தால் ஜூன் 12ஆம் நாள் மேட்டூர் அணை திறக்கப்பட்டு, சில நாட்களில் புது ஆற்றில் நீர் வருகிறது. ஆடியில் காற்று வீசுகிறது. அவரை, புடலை, பூசணி விதைகள் மண்ணுக்குள் செல்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பொழிந்து கொல்லை சேறாகிறது. கீரைப் பாத்தி அழுகுகிறது. தவளைகள் இரவெல்லாம் ஒலிக்கின்றன. மார்கழிப் பனியில் அவரைப் பந்தல் பூத்துச் சொரிகிறது. தையில் சம்பா அறுவடையின் வைக்கோல் மணம் வீட்டுக்குள் வருகிறது. மாசியில் முருங்கை, இலை தெரியாமல் பூக்கிறது. அயல்நாடு சென்றுவிட்ட சபுராளிகளின் இல்லங்களில் இவற்றையெல்லாம் விதைத்துக் காத்து வருபவர்கள் பெரும்பாலும் நம் தாய்மார்களே.

இப்பருவங்கள் கதிரவனின் கணக்கில் சுழல்கின்றன. நம் வணக்கங்களோ பிறையின் கணக்கில் வருகின்றன. ஹிஜ்ரி ஆண்டு கதிரவன் ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாட்கள் குறைவானது. ஆதலால் ரமலான் ஆண்டுதோறும் முன்னோக்கி நகர்ந்து, ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது. சித்திரை வெயிலிலும் நோன்பு வரும். மார்கழிப் பனியிலும் நோன்பு வரும். பெருநாளுக்கு முந்திய நாள் பறிக்கும் மருதாணி ஓராண்டு மழையில் தளிர்த்த இலையாக இருக்கும். மற்றோராண்டு கோடையில் காய்ந்த இலையாக இருக்கும். இதில் ஓர் அரிய பாடம் அடங்கியுள்ளது. நோன்பு நோற்றவர் அஸர் நேரத்தில் கொல்லைக்குச் செல்கிறார். மாதுளை கனிந்து தொங்குகிறது. கை நீட்டினால் எட்டும். வாய்க்கோ அது விலக்கப்பட்டிருக்கிறது. ஆயினும் கண்ணுக்கு அது விலக்கப்படவில்லை. உண்ணமுடியாத அந்த நேரத்தில்தான் அக்கனியின் நிறமும் தோலின் பளபளப்பும் நமக்கு முழுமையாகத் தெரிகின்றன. காணுதல் வேறு, நுகர்தல் வேறு என்பதை நோன்பு நமக்குக் கற்பிக்கிறது.

திருக்குர்ஆனும் இவ்விரண்டையும் தனித்தனியே கூறுகிறது. அல்-அன்ஆம் என்னும் ஆறாம் அத்தியாயத்தில், விண்ணிலிருந்து மழையை இறக்கிப் பயிரையும் பேரீச்சங் குலைகளையும் திராட்சை, ஒலிவம், மாதுளைத் தோட்டங்களையும் வெளிப்படுத்தியதைக் கூறும் இறைவன், அவை காய்ப்பதையும் கனிவதையும் உற்று நோக்குமாறு 99ஆம் வசனத்தில் பணிக்கின்றான். அதே அத்தியாயத்தின் 141ஆம் வசனத்தில், அவற்றின் கனியை உண்ணுமாறும், அறுவடை நாளிலேயே அதற்குரிய பங்கைக் கொடுத்துவிடுமாறும், வீண்விரயம் செய்யாதிருக்குமாறும் பணிக்கின்றான். முதலில் காணுங்கள், பின்னர் உண்ணுங்கள், கொடுங்கள், வீணாக்காதீர்கள். காணுதல் இங்கு வெறும் அனுமதியாக வரவில்லை; ஏவலாகவே வருகிறது. கொல்லையில் அரைமணி நேரம் நின்றவர் பொழுதை வீணாக்கினார் என்று சொல்லுமுன் இவ்வேவலை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஆயின், பெரியவர்களின் அச்சத்திலும் உண்மை இல்லாமலில்லை. அபூதல்ஹா (ரலி) அவர்களைப் பற்றிய ஒரு செய்தியை இமாம் மாலிக் அவர்களின் முவத்தா பதிவு செய்துள்ளது. தம் தோட்டத்தில் அவர் தொழுதுகொண்டிருந்தபோது ஒரு பறவை, அடர்ந்த மரங்களுக்கிடையே வெளியேற வழி தேடிப் பறந்தது. அக்காட்சி அவருக்கு இன்பமளிக்கவே, அவருடைய கண் அதனைத் தொடர்ந்தது. எத்தனை ரக்அத் தொழுதோம் என்பது மறந்துபோயிற்று. உடனே அவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் சென்று நடந்ததைக் கூறி, அத்தோட்டத்தையே தர்மமாக அளித்துவிட்டார். அழகு மனிதனை ஆட்கொள்ளும் ஆற்றலுடையது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

எனினும் அதே அபூதல்ஹா (ரலி) அவர்களைப் பற்றிய இன்னொரு செய்தியை நாம் மறந்துவிடலாகாது. அவருக்குப் பைருஹா என்னும் தோட்டம் இருந்தது. மதீனாப் பள்ளிவாசலுக்கு எதிரே அமைந்திருந்த அது, அவருடைய சொத்துகளிலேயே அவருக்கு மிகவும் விருப்பமானது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அத்தோட்டத்துக்குள் சென்று அங்கிருந்த இனிய நீரைப் பருகுவது வழக்கம் என்று புகாரி ஷரீப் கூறுகிறது. அழகிய தோட்டத்தில் நுழைவது ஆகாத செயலாயின் அண்ணலார் நுழைந்திருப்பார்களா? நாம் விரும்புவதிலிருந்து செலவிடாதவரை நன்மையை அடையமாட்டோம் என்னும் கருத்துடைய வசனம் அருளப்பெற்றபோது, அபூதல்ஹா (ரலி) அவர்கள் அப்பைருஹாவையே இறைவனுக்காக அளிக்க முன்வந்தார்கள். அண்ணலாரின் அறிவுரைப்படி அது அவருடைய உறவினர்களுக்குப் பங்கிடப்பட்டது. இங்கு நாம் நுட்பமாகக் காண வேண்டியது ஒன்றுண்டு. விரும்பாத பொருளைக் கொடுப்பதில் சிறப்பென்ன? அத்தோட்டத்தை அவர் உளமார நேசித்திருந்ததனாலன்றோ அக்கொடை கொடையாயிற்று! அழகை உணராத உள்ளம் பற்றற்ற உள்ளம் ஆகிவிடாது. அது வறண்ட உள்ளமாகவும் இருக்கலாம்.

எனவே, காணும் இன்பம் மூன்று தேர்வுகளில் தேறினால் அது நன்றியாகும்; தேறாவிட்டால் மயக்கமாகும். முதலாவது, இது எனக்கே உரியதன்று என்னும் உணர்வு. இரண்டாவது, இதில் பிறர்க்குப் பங்குண்டு என்னும் செயல். மூன்றாவது, இது வாடும், விழும் என்பதை ஏற்கும் துணிவு. முன்னிரண்டும் அமைதியான காலத்திலும் இயலக்கூடியவை. மூன்றாவது தேர்வு ஒரத்தநாட்டுக்கு 2018ஆம் ஆண்டில் வந்தது.

அவ்வாண்டு நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் 'கஜா' புயல் வேதாரணியத்தை ஒட்டிக் கரை கடந்தது. மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டிய காற்று திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரங்களைச் சூறையாடியது. இலட்சக்கணக்கான தென்னைகள் ஓரிரவில் சாய்ந்தன. தோப்புகளில் மட்டுமன்று, வீட்டுக் கொல்லைகளில் தலைமுறை தலைமுறையாக நின்ற மாவும் முருங்கையும் வாழையும் விழுந்தன. மகனின் பிறப்பையொட்டி நட்ட தென்னை, மகளின் திருமணச் செலவுக்கெனக் காத்த தோப்பு ஆகியன பொழுது விடியுமுன் தரையில் கிடந்தன. மழை கொணரும் அதே காற்றுத்தான் மரத்தையும் முறித்தது. இத்தகையோரிடம் சென்று இயற்கையின் எழிலைப் பற்றி நாம் பேசலாமா?

அதனினும் கொடிய பேச்சொன்று அக்காலத்தில் ஆங்காங்கே எழுந்தது. இது பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்பதே அது. அவ்வாறு கூறுவோர், அல்-கலம் அத்தியாயத்தில் வரும் தோட்டக்காரர்களின் வரலாற்றைத் துணைக்கழைப்பதுண்டு. ஏழை எவரும் உள்ளே வந்துவிடாதபடி விடியற்காலையிலேயே கனிகளைப் பறித்துவிடத் திட்டமிட்டவர்களின் தோட்டம், அவர்கள் உறங்கும்போதே அழிந்தது என்பது அவ்வரலாறு. ஆனால் அதனை நமக்கு அறிவித்தவன் உள்ளங்களை அறிந்த இறைவன். ஒரத்தநாட்டுத் தோப்புக்காரரின் உள்ளத்தை நமக்கு அறிவித்தவர் யார்? கஜா புயல் கொடுத்தவன் தோப்பையும் சாய்த்தது. கொடாதவன் தோப்பையும் சாய்த்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அருமை மைந்தர் இப்ராஹீம் மறைந்த அன்று கதிரவனைக் கிரகணம் பிடித்தது. அம்மறைவுக்காகவே வானம் இருண்டது என மக்கள் பேசலாயினர். எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் கதிரவனுக்கும் நிலவுக்கும் கிரகணம் பிடிப்பதில்லை என்று, அத்துயரத்தின் நடுவிலும் அண்ணலார் தெளிவுறுத்தினார்கள். தம் சொந்த மகனின் மறைவோடு வானத்தின் நிகழ்ச்சியை முடிச்சுப்போட அவர்கள் இசையவில்லை. அங்ஙனமாயின், அண்டைவீட்டான் தென்னை விழுந்ததை அவன் பாவத்தோடு முடிச்சுப்போட நாம் யார்?

தோட்டக்காரர்களின் வரலாறு நம் அண்டைவீட்டானைப் பற்றியதன்று; நம்மைப் பற்றியது. அவர்களுடைய குற்றம் புயலுக்கு முன்பே, அவர்கள் வாயிலை அடைக்க எண்ணியபோதே நிகழ்ந்துவிட்டது. எனவே அவ்வரலாற்றைப் படிப்பவர் கேட்கவேண்டிய கேள்வி, 'அவன் மரம் ஏன் விழுந்தது?' என்பதன்று, 'என் கொல்லைக் கதவு யாருக்குத் திறந்திருக்கிறது?' என்பதே.

விழுந்தபின் ஒரத்தநாட்டு மக்கள் செய்தது என்ன? சாய்ந்த மரங்களை அறுத்து அகற்றினர். மீண்டும் கன்று நட்டனர். நெட்டை இரகத் தென்னை நல்ல காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டுகள் செல்லும். புயல் இனி வராது என்று எவரும் உறுதி கூறவில்லை. நட்டவர்களுள் முதியோர் பலர், தாம் அதன் காயைக் காண்போமா என்பதையும் அறியார். இறுதிநாளே வந்துவிட்டாலும் கையில் ஒரு கன்று இருப்பின் இயன்றால் அதனை நட்டுவிடுமாறு அண்ணலார் அறிவுறுத்தியிருப்பதை நாமெல்லாம் கேட்டிருக்கிறோம். அதன் பொருளை மேடைப்பேச்சுகளினும் தெளிவாக அக்குழிகளில் காணலாம். நடுதல் பலனைப் பொறுத்த செயலன்று. நம்பிக்கையைப் பொறுத்த செயல். ஒருவர் நட்ட மரத்திலிருந்து மனிதனோ விலங்கோ பறவையோ உண்டால் அது நட்டவருக்குத் தர்மமாகும் என்பதும் நபிமொழியே. அணில் கடித்த மாதுளையைக் கண்டு சினங்கொள்பவர் இதனை நினைவிற் கொள்ளல் நலம்.

காண்பவன் இழப்பை உணரமாட்டான் என்று நாம் கூறவில்லை. காய்களை மட்டும் எண்ணியவனுக்கு அன்று இழப்பு ஒன்றே எஞ்சியது. ஆண்டாண்டாக அம்மரத்தைக் கண்டு நன்றி கூறி, அண்டைவீட்டாருக்கு இளநீர் அனுப்பி வாழ்ந்தவனுக்கு இழப்போடு வேறொன்றும் எஞ்சியது. அவன் ஏற்கெனவே கொடுத்துவிட்டதை எந்தக் காற்றும் பறிக்க இயலாது.

ஆகவே பெரியவர்களிடம் நாம் பணிவோடு கூறுவது இது: கொல்லையில் நிற்பவரை விரட்டாதீர்கள், அவர் ஓர் இறைக்கட்டளையை நிறைவேற்றிக்கொண்டிருக்கக்கூடும். இளைஞர்களிடம் அன்போடு கூறுவது இது: கண்டு வியந்ததோடு நின்றுவிடாதீர்கள், பாங்கொலி கேட்டதும் திரும்பி வாருங்கள். கொல்லையில் ஒரு பிடி கீரை பறித்தால், குழம்பில் நீரைக் கூட்டி அண்டைவீட்டாரையும் நினைக்குமாறு அண்ணலார் கூறியதை எண்ணி ஒரு கிண்ணம் அனுப்புங்கள். ஒளு செய்கையில், ஓடும் ஆற்றின் கரையிலும் நீரை வீணாக்கலாகாது என்பதை நினையுங்கள். மீந்த நீர் வாழைக்குச் செல்லட்டும்.

வல்ல அல்லாஹ் நம் கண்களுக்குக் காணும் பேற்றையும், கைகளுக்குக் கொடுக்கும் பேற்றையும், விழுந்த இடத்தில் மீண்டும் நடும் உறுதியையும் அருள்வானாக! ஆமீன்.