கருணைக்குக் கணக்கு வேண்டுமா?

"ஆதரவற்ற குழந்தைக்கு வாழ்வளிக்க முன்வருகிறோம், அதற்கும் உரிமமா? இத்தனை பேர்தான் என்று எல்லைக் கோடா? கருணைக்குக் கணக்கு ஏது?" என்று கேட்கின்றனர் சிலர். கேள்வி இனிக்கிறது, நெஞ்சையும் தொடுகிறது. எனினும், ஆராய்ந்து பார்ப்போம்.

1930ஆம் ஆண்டு, தேவதாசிக் குடும்பத்துச் சிறுமியர் சிலர், விடுதிகள் ஏற்க மறுத்த நிலையில், டாக்டர் முத்துலட்சுமி அம்மையாரின் வீட்டுக் கதவைத் தட்டினர். அடையாற்று அவ்வை இல்லம் அந்தத் தட்டலிலே பிறந்தது. "அம்மையார் எண்ணிப் பார்த்தா சேர்த்தார்?" என்று மடக்குவர். ஆனால், விடுதிகள் மறுத்தது அறை நிறைந்ததாலா? அல்ல; பிறப்பைப் பார்த்து! பிறப்பைக் காட்டிக் கதவடைப்பது கொடுமை. பாயும் பார்ப்பாரும் போதாதென்று எல்லை வகுப்பது பொறுப்பு. இரண்டையும் ஒன்றாக்குதல் அறிவுடைமையன்று.

2016ஆம் ஆண்டின் இளைஞர் நீதி மாதிரி விதிகள், 25 குழந்தைகள் உறங்கும் கூடத்துக்கு 1000 சதுர அடி வேண்டும் என்கின்றன. தலைக்கு 40 சதுர அடி! ஒரு கட்டில், ஒரு பெட்டி, புரண்டு படுக்கச் சிறிது இடம். இதுவா ஆடம்பரம்? தியாகராய நகரத்துச் சீமான் தன் பிள்ளைக்குத் தனியறை வேண்டுமென்பார். தாயற்ற பிள்ளைக்கோ தாழ்வாரம் போதுமென்பார்!

2007இல் மாமல்லபுரத்து இல்லங்களிலே சிறார் சீரழிக்கப்படுவதாக வந்த செய்தி உச்சநீதிமன்றம் ஏறிற்று. 2017இல், குழந்தைகள் இல்லங்கள் அனைத்தும் பதிவு பெறவேண்டுமெனத் தீர்ப்பு வந்தது. பத்தாண்டு! அதற்குள் ஒரு குழந்தையின் குழந்தைப் பருவமே முடிந்துவிடும். தலைக்கு இவ்வளவு என நன்கொடை திரளுமிடத்தில், தலைகள் பெருகும், தாலாட்டு குறையும்.

சரி, 25 நிறைந்த பின், இருபத்தாறாவது குழந்தை வாயிலில் நின்றால்? நெஞ்சைக் குடையும் கேள்வி இதுதான். "சட்டம் தடுக்கிறது, போ" என்பதா? அல்ல. அன்றிரவு உணவும் உறைவிடமும் தருக. 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவிடம் சேர்ப்பிக்க. சட்டம் வகுத்த வழி அது. அதன்பின் இடம் தேடும் கடமை அரசினுடையது. எல்லை இல்லத்துக்கு உண்டு; அரசின் கடமைக்கு இல்லை! கோடு கிழித்த அரசு, கோட்டுக்கு வெளியே நிற்கும் குழந்தைக்கு வேறோர் இல்லமோ, வளர்ப்புக் குடும்பமோ காட்டாவிடில், அந்தக் கோடும் கதவடைப்பே என்போம்.

கருணையைக் குறைக்க அல்ல நாம் கணக்குக் கேட்பது. குழந்தையைக் கூட்டத்தில் தொலைக்காதிருக்க. பெயர் சொல்லி அழைக்கும்வரை அது இல்லம். எண் சொல்லி அழைக்கும் அன்றே அது கொட்டடி!